நாற்பதுக்கு மேல் நீண்ட தூரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜனவரி மாரத்தானுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதனால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூரத்தைக் கூட்டுவது பற்றித்தான். ஒரு வேண்டுகோள்: எழுதும்போது வயது, இப்போது ஓடும் தூரம், சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் குறிப்பிடுங்கள். இவை இல்லாத கேள்விக்கு உருப்படியான பதில் சொல்ல வழியில்லை.

அம்பத்தூர், வயது 44: ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் நடுவில் நடக்க வேண்டியிருக்கிறது. இதை ஓட்டம் என்று கணக்கில் சேர்க்கலாமா?

தாராளமாக. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பிற்காலத்தில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது இந்த ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான். ஆனால் மூச்சு முட்டிய பிறகு நடப்பதில் பயன் குறைவு. முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெம்பு இருக்கும்போதே நடந்தால்தான் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத் தெம்பு மிஞ்சும்.

திருவான்மியூர், வயது 52: ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

நல்ல முட்டி அளவாக ஓடுவதால் தேயாது. உட்கார்ந்தே இருப்பதும் உடல் எடையும்தான் முட்டிக்கு அதிகக் கெடுதல். ஏற்கெனவே வீக்கமோ, மடக்கும்போது பூட்டிக்கொள்வதோ இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெருங்குடி, வயது 47: மூன்று மாதமாக ஓடுகிறேன். 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் முடிக்கிறேன். ஆபீஸில் எல்லோரும் ஹாஃப் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் 21 கிலோமீட்டர் ஓட முடியுமா? கெண்டைக்காலுக்குக் கீழே காலையில் லேசாக வலிக்கும், ஓட ஆரம்பித்தால் போய்விடும்.

முடித்துவிடுவீர்கள். அதற்கப்புறம் ஏப்ரல் வரை ஓடமாட்டீர்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, இப்படி ஜனவரியில் ஆசைப்பட்டு ஓடியவர்கள் எழுதுவது. படிக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசை அதற்குப் பின்னால் வரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதுவும் எலும்பும் புதுச் சுமைக்குப் பழக மாதக் கணக்கில் ஆகும், நாற்பதுக்கு மேல் இன்னும் தாமதம். அதனால் நீங்கள் இப்போது இருக்கும் மூன்றாவது மாதம்தான் மிகவும் ஆபத்தான கட்டம். மூச்சு ‘இன்னும் போ’ என்கிறது, காலோ அதற்குத் தயாராக இல்லை. காலையில் வலித்து, உடம்பு சூடானதும் மறையும் வலி குதிகால் தசைநாண் கெட ஆரம்பித்திருப்பதற்கான அடையாளம். ‘போய்விடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை, ஓடும் நேரத்துக்கு மறைகிறது, அவ்வளவுதான். அதை வலி மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள்.

இந்த ஜனவரியில் 10 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வலி அடங்கியதும் ஹாஃபுக்கு நாலரை, ஐந்து மாதம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு நீண்ட ஓட்டம், அதில் வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் மட்டும் கூட்டுங்கள். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் இறக்க வேண்டும்: 10, 11, 12, அப்புறம் 9. பிறகு 12, 13, 14, அப்புறம் 10. இப்படியே 18 வரை போனால் போதும், பயிற்சியிலேயே 21 ஓடத் தேவையில்லை. இறங்கும் வாரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கால் தேறுவது அந்த வாரத்தில்தான்.

வேகத்துக்கு வருவோம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் சொச்சத்தில் 10 ஓடுபவர் நீண்ட ஓட்டத்தை ஏழேகாலில் ஓட வேண்டும். குழுவில் படம் போடுவதற்காக ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் பந்தயமாக்கும் பழக்கம் எத்தனை பேரின் காலைக் கெடுத்திருக்கிறது! மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் பக்கத்தில் ஓடுபவரிடம் வீட்டுக் கதையை முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். ‘ம்’, ‘ஆமா’ என்று மட்டும் வந்தால் வேகம் அதிகம். யார் முந்தினாலும் போகட்டும்.

வலி குறைந்த பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள். பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. இந்தப் பயிற்சியைச் செய்யாமல் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

வேளச்சேரி, வயது 50: கிளம்பும் முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தும் 12 கிலோமீட்டரில் தலை சுற்றுகிறது.

வெறும் தண்ணீர்தான் பிரச்சினை. ஓடி முடித்து டீ ஷர்ட் காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடு படிகிறதா, பாருங்கள். அவ்வளவு உப்பு வெளியே போயிருக்கிறது, உள்ளே போனது தண்ணீர் மட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். பெரும்பாலும் அது ஒரு லிட்டராக இருக்கும்; அரை லிட்டரில் கரைத்துவிடாதீர்கள். வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆகவே வேகத்தைக் குறைத்து, ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கத்திரியில் தூரத்தையும் குறைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தலை சுற்றினால் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பாருங்கள்.

மடிப்பாக்கம், வயது 49: மேம்பாலம் ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது. வாயுவாக இருக்குமா?

இதைக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கக் கூடாது. ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள், இன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். உழைப்பில் வந்து ஓய்வில் போகும் இறுக்கம் என்றால், இல்லை என்று நிரூபிக்கும்வரை இதயக் கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தாலும் அத்தோடு திரும்பாதீர்கள், அடுத்து என்ன பரிசோதனை என்று கேளுங்கள். ஓய்வெடுத்தும் வலி நிற்காவிட்டால் 108.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நாற்பதைத் தாண்டியவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, குடும்பத்தில் மாரடைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனைக்கு அப்புறம்தான் ஓட்டம்.

குரோம்பேட்டை, வயது 53: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் ஓடலாமா?

எந்த மாத்திரை? அதைத்தானே முதலில் எழுத வேண்டும்! மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து குறைவு. கிளிமெபிரைடு அல்லது இன்சுலின் என்றால் ஓடும்போதும் இறங்கலாம், பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். அப்படியானால் ஓடுமுன் சோதித்து, 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். தூரத்தைக் கூட்டுவதற்கு முன் மாத்திரை அளவை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மயிலாப்பூர், வயது 48: ஆறு மாதமாக மாதவிடாய் ஒழுங்கில்லை, உதிரப்போக்கு அதிகம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் கால் நகர மறுக்கிறது.

அதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்து இன்னும் ஓடாதீர்கள். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு இரண்டையும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம். மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். முடிவு வரும்வரை ஐந்து கிலோமீட்டர், பேசும் வேகம்.

கே.கே. நகர், வயது 45: லாங் ரன்னுக்கு முன் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். பல முறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

முகப்பேர், வயது குறிப்பிடவில்லை: நல்ல ஷூ எது? போன ஓட்டத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

தூரமும் எடையும் தெரியாமல் பிராண்டு சொல்ல மாட்டேன். நகம் கறுத்தது பெரும்பாலும் ஷூ சிறியது என்பதால். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், ஓடும் சாக்ஸையே போட்டுப் பார்த்து, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். கறுத்த நகத்தைப் பிய்க்காதீர்கள், தானாக விழும்.