ஸ்டார்ட்டரை மாற்றும் முன் சாவி சுவிட்சைப் பாருங்கள்

காரில் பேட்டரி புதிது, ஆனாலும் நாலு தடவை திருப்பினால் ஒரு தடவைதான் ஸ்டார்ட் ஆகிறது, மேடு பள்ளத்தில் டேஷ்போர்டு விளக்கு அணைந்து வருகிறது, மெக்கானிக் ஸ்டார்ட்டரை (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஸ்டார்ட்டர் கெட்டால் ஓடும்போது விளக்கு அணையாது. எனக்கு சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் மேல்தான் சந்தேகம்.

முதலில் சாவியை ஆன் நிலையில் வைத்து லேசாக ஆட்டுங்கள். விளக்கு மினுக்கினால் பாதி விடை கிடைத்துவிட்டது. அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்கு (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மின்காந்த சுவிட்ச்) போகும் சின்ன வயரில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். ஒருவர் உள்ளே சாவியைத் திருப்பட்டும். 12 வோல்ட்டுக்குக் கிட்ட வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். வரவில்லை என்றால் ஸ்டியரிங் கீழ்க் கவரைக் கழற்றி சுவிட்சிலேயே பாருங்கள். பேட்டரி வயரில் கரண்ட் இருந்து, சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட் வயரில் வரவில்லையா? சுவிட்ச்தான். அங்கே வந்தால் கோளாறு இடையிலுள்ள ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அல்லது வயரிங்கில்.

பெரும்பாலான பழைய கார்களில் மின்சுவிட்ச் தனி உருப்படி, பூட்டுக்குப் பின்னால் ஓரிரு ஸ்க்ரூவில் நிற்கும். முழு லாக் செட் வாங்க வேண்டாம், பழைய சாவியே போதும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஏர்பேக் இருந்தால் சில நிமிடம் காத்திருங்கள். சுவிட்சில் வயர்களை இணைக்கும் கப்ளர் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது சுவிட்சும் கருகும்.

சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்குகிறதா? அந்தக் கனம் சுவிட்சைத் தேய்க்கும், கழற்றிவிடுங்கள். கோளாறைச் சரிசெய்யும் வரை நெடுஞ்சாலைப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.