பாஸ்டரின் போதனையைக் கேள்வி கேட்பது தேவதூஷணமா?

கேள்வி கேட்டவர் நாலே வரிதான் எழுதியிருக்கிறார். தீர்க்கதரிசனம் என்று மேடையில் சொல்வது எதுவும் நடப்பதில்லை, காணிக்கைப் பேச்சு நாளுக்கு நாள் அதிகமாகிறது, யாராவது வாயைத் திறந்தால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே, அது தேவதூஷணம்" என்று அடக்கிவிடுகிறார்கள், என்ன செய்வது என்று.

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டு நிலவரம் ஓரளவு தெரியும் என்றே நினைக்கிறேன். அம்மாவோ மாமியாரோ பாஸ்டர் பக்கம். நீங்கள் பாட்டுக் குழுவிலோ சண்டே ஸ்கூலிலோ இருக்கிறீர்கள். ரெண்டு ஞாயிறு போகாவிட்டால் நாலு பேர் வீட்டுக்கு வந்து உங்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். சரிதானே?

தூஷணமெல்லாம் இல்லை. அவர்கள் சொல்லும் அந்தத் 'தொடாதே' வசனம் பைபிளில் சங்கீதம் 105-இல் இருக்கிறது. நாடு நாடாக அலைந்துகொண்டிருந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தை அடிக்காதே என்று ராஜாக்களுக்குச் சொன்னது. மைக் பிடித்தவரிடம் கணக்குக் கேட்காதே என்று விசுவாசிகளுக்குச் சொன்னது அல்ல. தாவீதைப் பாருங்கள் என்பார்கள், தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைக்கூடத் தொடவில்லையே என்று. தொடவில்லை, உண்மை. ஆனால் ஒளிந்திருந்த குகையை விட்டு வெளியே வந்து, சவுலின் படை கேட்கும்படி, "என்னை ஏன் வேட்டையாடுகிறீர்" என்று நியாயம் கேட்டான். அந்தியோகியாவில் இயேசுவின் சீஷர் பேதுருவே தப்பு செய்தபோது பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்தார், கலாத்தியர் 2-இல் அவரே எழுதியிருக்கிறார். பேதுருவையே கேட்கலாம், உங்கள் பாஸ்டரைக் கேட்கக் கூடாதா?

இவ்வளவு காரமாக எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நாங்கள் சேலம். என் வீட்டுக்காரர் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் நடக்கும். எந்த சபை என்று சொல்ல மாட்டேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் வாசலில் விண்ணப்பச் சீட்டு எழுதும் மேசையைக் கொடுத்தார்கள். மஞ்சள் சீட்டு: பேர், ஊர், வயசு, தேவை, போன் நம்பர். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் நிரப்புவேன். பாட்டு நடக்கும்போதே பாஸ்டரின் மச்சான் வந்து கட்டாக அள்ளிக்கொண்டு போவார். மேடையில் வைத்து ஜெபிப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் லைனிலிருந்து ஒரு பாட்டி வருவார். காபி பழம் பறிக்கிறவர். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே பஸ்ஸில் இறங்கி, இங்கே வந்து இன்னொரு பஸ் பிடித்து, மண்டப வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே போவார். வரும்போதெல்லாம் பாஸ்டர் வீட்டுக்கு ஒரு பொட்டலம் மிளகு. காது மந்தம். அன்றைக்கு நான் "பேர்?" என்று கேட்டேன். அவர் காதில் "பேரன்?" என்று விழுந்திருக்கிறது. பேரன் பேரைச் சொன்னார். வயசு என்றேன், பத்தொன்பது என்றார். என்ன கஷ்டம் என்றதும், "முழங்கால்தான் கண்ணு, ராத்திரி பூரா தூக்கமில்லை" என்றார். எழுதி முடித்த பிறகுதான் சீட்டைப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. பின்னால் வரிசை நெருக்கியது. வலி யாருக்கு என்று ஆண்டவருக்குத் தெரியாதா என்று அப்படியே சீட்டுக் கட்டோடு வைத்துவிட்டேன்.

அப்புறம் மேடை. கண்ணை மூடி, நெற்றியில் கை வைத்து, பாஸ்டர் சொல்கிறார்: "ஆண்டவர் ஒரு மலையைக் காட்டுகிறார்... வளைவு வளைவாகப் பாதை... காபித் தோட்டம் தெரிகிறது..." கூட்டம் ஸ்தோத்திரம் போடுகிறது. பேரன் பேரை முழுசாகச் சொன்னார். "பத்தொன்பது வயசு மகனே, முழங்கால் வலியில் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறாயே, உன் கண்ணீரைக் கண்டேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. பாட்டிதான் தேம்பித் தேம்பி அழுதார். பையன் தன்னிடம் மறைத்துவிட்டான் என்று. 'விதை' விதைக்கச் சொன்னபோது, அதாவது ஆண்டவர் பலமடங்காகத் திருப்பித் தருவார் என்று காணிக்கை கேட்டபோது, முந்தானை முடிச்சிலிருந்து ரெண்டாயிரம் ரூபாயைப் போட்டார், பேரன் காலுக்காக. கூட்டம் முடிந்ததும் என் போனிலிருந்து பையனுக்குப் பேச வைத்தேன். கோயம்புத்தூரில் படிக்கிறான். "எனக்கென்ன ஆத்தா காலு? நேத்துகூட கபடி ஆடினேன்" என்கிறான்.

நான் மேடைக்குப் பின்னால் மணமகள் அறைக்குப் போனேன். மச்சான் உள்ளேதான் இருந்தார். சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி, அதற்குக் கீழே பொண்ணுக்குப் பொட்டு வைக்கும் மேசை. அதில் மஞ்சள் சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தது. பாட்டியின் சீட்டும் அதில் இருந்தது, என் கையெழுத்தில். ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடிப்பது, பிரசங்க மேடையில் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கிற டேப்லெட்டுக்கு அனுப்புவது. அவ்வளவுதான் தரிசனம்.

பாஸ்டரிடமே நேராகக் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. "சிஸ்டர், ஜனங்களுடைய விசுவாசத்தைத் தூண்டுவதற்கு ஒரு வழி" என்றார். பாட்டியின் பணம் என்றதும்தான் முகம் மாறியது. மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததே, தெரியுமா என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, பேர் சொல்லாமல், சபைக்குள் யேசபேல் (பைபிளில் தீர்க்கதரிசிகளைக் கொன்ற ராணி) ஆவி புகுந்திருக்கிறது என்று ஒரு மணி நேரப் பிரசங்கம். மேசையில் என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

இதெல்லாம் நம் ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் பீட்டர் பாப்பாஃப் என்று ஒரு சுகமளிக்கும் ஊழியக்காரர். கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களின் பேர், வியாதி, முகவரி எல்லாம் சொல்வார். 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக்காரர் ரேடியோ ஸ்கேனரோடு போய்ப் பிடித்தார். ஜெபச் சீட்டில் இருந்ததை பாப்பாஃப்பின் மனைவி மேடைக்குப் பின்னாலிருந்து வாசிக்க, இவர் காதுக்குள் வைத்த சின்னக் கருவியில் கேட்டிருக்கிறார். அலைவரிசை 39.17 மெகாஹெர்ட்ஸ். அது டி.வி.யிலேயே வந்தது, மறு வருஷம் ஆள் திவால். கொஞ்ச காலம் கழித்து அற்புதத் தண்ணீர் விற்றுக்கொண்டு திரும்பவும் வந்துவிட்டார், அது வேறு கதை. இந்த 'விதை' போதனையையும் 1970-களில் டி.வி.யில் பரப்பியவர் அமெரிக்காவின் ஓரல் ராபர்ட்ஸ்தான். அதற்கு ஆதாரமாகக் காட்டும் 2 கொரிந்தியர் 9-ஐ அதிகாரம் முழுக்க வாசியுங்கள். எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய பணம் அது. பவுல் வண்டி வாங்க அல்ல.

தேவதூஷணம் என்று ஒன்று அங்கே நடந்தது என்றால், அது நான் கேட்ட கேள்வி அல்ல. என் கையெழுத்தைப் படித்துவிட்டு "கர்த்தர் சொல்லுகிறார்" என்றாரே, அதுதான். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்பதை நாம் ஏதோ சாமி பேரில் சத்தியம் பண்ணக் கூடாது என்கிற அளவில் நிறுத்திவிட்டோம். உபாகமம் 18 இன்னும் தெளிவு: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. முடிக்கும்போது "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்று இருக்கிறது. இந்தக் கடைசி வரியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

"சபை விஷயத்தை வெளியே காட்டிக் கொடுக்கிறாள்" என்று எழுத வருகிறவர்களுக்கு: என் தாய்மாமாவே பாஸ்டர்தான். சைக்கிளில் ஊழியம் செய்து, காணிக்கைப் பையில் கை வைக்காமல் செத்துப்போனவர். எல்லா ஊழியக்காரரையும் நான் சொல்லவில்லை. "பார்த்தீர்களா, கிறிஸ்தவர்களே இப்படித்தான்" என்று கை தட்ட வருகிறவர்களுக்கும் ஒன்று: உங்கள் தெருவில் அருள்வாக்கு சொல்கிறவர் எப்படிச் சொல்கிறார் என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். "இந்தக் கூத்தெல்லாம் புது சபைகளில்தான், நாங்கள் பரம்பரை சபை" என்பவர்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் 1827-இல் சேலத்துக்கு வந்தது, அந்தக் கால விசுவாசிகளின் வம்சம் நாங்கள் என்று சொல்லிக்கொள்கிற ஒரு சபையில்தான் என் அப்பா கடைசி வரை மெம்பர். அவர் இறந்தபோது உடம்பு ஐஸ் பெட்டியில் இருக்கிறது, பொருளாளர் நோட்டைப் புரட்டி சந்தா பாக்கி இருக்கிறதே என்கிறார். பாக்கியைக் கட்டி ரசீது வாங்கிக் காட்டிய பிறகுதான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் வந்தது. சபைத் தேர்தல் வந்தால் ஓட்டுக்காகக் கறி விருந்து போட மட்டும் காசு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுத வந்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் பொறுமையாக இருக்கக் கூடாத விஷயம். உங்கள் சபையில் யாரிடமாவது மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? இன்சுலின், வலிப்பு மாத்திரை, டி.பி. மருந்து? அப்படியென்றால் தூஷணமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அவர்களை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டி.பி. மருந்தைப் பாதியில் விட்டால் அப்புறம் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். சர்க்கரை, வலிப்பு இதெல்லாம் மந்திரத்தால், தாயத்தால் குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்தே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது.

மற்றபடி அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், பிரயோஜனமில்லை. பாஸ்டரிடம் தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவரைக் கூட்டிப் போய், போன வருஷப் புத்தாண்டு ஆராதனையில் சொன்ன தீர்க்கதரிசனத்தில் எது நடந்தது, வரவு செலவுக் கணக்கு எங்கே, இந்த ரெண்டை மட்டும் கேளுங்கள். நல்ல மனுஷனாக இருந்தால் உட்கார வைத்துப் பேசுவார். மிரியாம், யேசபேல், மோசேயை எதிர்த்து அழிந்த கோராகு என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் இப்போது போவது சூரமங்கலம் பக்கம் ஒரு சின்ன சபை. பாஸ்டர் வாரநாளில் ஆட்டோ ஓட்டுகிறார். மாதக் கணக்கை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார், மின்சார பில் உட்பட. மேசையும் இல்லை, மஞ்சள் சீட்டும் இல்லை. பிரசங்கம் சுமார்தான், வெயில் காலத்தில் பாதியில் தூக்கம் வரும். பாட்டியையும் வரச் சொன்னேன். ரெண்டு தடவை வந்துவிட்டு, "இங்க ஆண்டவர் ஒண்ணும் பேசமாட்டேங்கிறாரே கண்ணு" என்று மண்டபத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.