வாசகர் கேள்வி: மன்னிப்பைப் பற்றிய படத்துக்குப் பணம் கேட்பது எப்படி?

கேள்வி: நான் திருச்சியில் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி. படிப்பின் பகுதியாக 14 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்க வேண்டும். மோட்டார் கொட்டகையில் அப்பா ஸ்டார்ட்டரைப் பழுது பார்ப்பதை அறியாமல், வெளியே இருக்கும் மகன் பீஸ் கட்டையைச் செருகிவிடுகிறான். அப்பாவின் வலக்கை போய்விடுகிறது. அவர் அன்றைக்கே அவனை மன்னித்துவிட்டார். ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவனால் தன்னை மன்னிக்க முடியவில்லை. இது என் பெரியப்பா மகனுக்கு நேர்ந்தது. செலவு 1,80,000 ரூபாய் ஆகும். எங்களிடம் 40,000 இருக்கிறது. மீதியைப் பலரிடம் திரட்ட நினைக்கிறோம். ஆனால் கதையைச் சொன்னால், ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். அண்ணனையே காணொளியில் பேச வைத்தால் பணம் உடனே வரும் என்கிறார் ஒரு நண்பர். படத்தின் முடிவில் மின்பாதுகாப்பு வாசகங்களைச் சேர்த்தால் பாதித் தொகை தருவதாகச் சொல்கிறார் மின்பொருள் கடை உரிமையாளர் ஒருவர். நாங்கள் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவரைக் காணொளியில் பேச வைக்காதீர்கள். ஒன்பது ஆண்டுகளாகத் தன் மேலுள்ள பழியை இறக்கி வைக்க முடியாமல் நிற்கும் ஒருவரை, அதே பழியைப் பணம் கொடுப்பவர்கள் முன் மீண்டும் ஒப்புக்கொள்ளச் செய்வது, நீங்கள் எடுக்கப்போகும் படத்துக்கே எதிரான செயல். காணொளியைப் பார்ப்பவர்கள் மனமிரங்கிப் பணம் தரலாம். ஆனால் அது கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டே இருக்கும்; நாளை அவருக்குப் பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் அதுவே முதலில் வந்து நிற்கும். அவரிடமும் பெரியப்பாவிடமும் திரைக்கதையை வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். சம்மதம் கிடைத்தாலும் ஊரையும் தொழிலையும் மாற்றிவிடுங்கள். நிதி கேட்கும் இடத்தில் ‘உண்மைக் கதை’ என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாம்.

அப்படியானால் எதைக் காட்டிக் கேட்பது என்பீர்கள். படத்தைக் காட்டிக் கேளுங்கள். ‘தன்னை மன்னித்தல்’ என்று கருத்தைச் சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஓர் இளைஞன் மோட்டார் கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போக முடியாமல் திரும்பி நடப்பதை இரண்டு நிமிடக் காட்சியாக எடுத்துக் காட்டினால் எல்லோருக்கும் தெரியும். ஒரு கைபேசியும் காலை வெளிச்சமும் அதற்குப் போதும். 1980களில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேஸா திரைப்படக் குழுவினரும் ‘அம்ம அறியான்’ படத்துக்காகக் கேரளத்து ஊர்களில் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டுத்தான் மக்களிடம் காசு கேட்டார்கள். அவர்கள் கையை நீட்டும் முன்பே மக்கள் ஒரு படத்தைப் பார்த்திருந்தார்கள்.

‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். தவறு செய்தவன் அதை உணர்ந்த கணத்தில் வீழ்வதே நாம் கேட்டு வளர்ந்த கதை. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்த பாண்டியனை நாம் இன்றும் போற்றுகிறோம். வீழாமல், மறுநாள் காலையில் எழுந்து, அதே வீட்டில் இடக்கையால் சோறு உண்ணும் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டிய மகனைப் பற்றி நம்மிடம் கதைகள் குறைவு. உங்கள் படம் அவனுடையது என்று நேரடியாகச் சொல்லுங்கள். கேட்பவர்களில் தங்கள் வீட்டு நினைவு வந்து பேச்சை நிறுத்துகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். 1,40,000 ரூபாய் என்பது ஆளுக்கு 500 வீதம் 280 பேர். 1976இல் வெளிவந்த ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு உழவர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள் என்பதை எண்ணினால், 280 பேர் எட்டாத எண்ணிக்கை அல்ல. ஆனால் அந்த உழவர்களை முன்பே ஒரு கூட்டுறவு இணைத்திருந்தது. உங்களை இணைப்பது எது? கல்லூரியின் பழைய மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள், நண்பர்களின் பெற்றோர் என்று 280 பெயர்களையும் முதலில் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். 150இல் பேனா நின்றுவிட்டால், தொகையைக் குறைக்க வேண்டும் என்று பொருள். முகம் தெரியாதவர்கள் வந்து குவிப்பார்கள் என்று நம்பித் தொடங்காதீர்கள். பொதுக் கோரிக்கை மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள்.

செலவையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். படப்பிடிப்புக்கு முதலில் கேட்டு, எடுத்ததைத் தொகுத்துக் காட்டி, ஒலிக்கலவைக்கும் வண்ணச் சீரமைப்புக்கும் பிறகு கேட்பது எளிது. கேமரா வாடகையில் கொஞ்சம் குறைத்தாலும் ஒலிப்பதிவில் குறைக்க வேண்டாம்; மோட்டார் ஓடும் சத்தமும் அது நின்ற பிறகு வரும் அமைதியும்தான் உங்கள் கதை. ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை மழைக்கும் மறதிக்கும் என்று ஒதுக்குங்கள்.

இணையதளம் வழியாகத் திரட்டினால், இலக்கை எட்டாவிட்டால் கொடுத்தவர்களுக்கே பணம் திரும்பும் முறை, வந்ததை வைத்துக்கொள்ளும் முறை என இரண்டு உண்டு. பாதிப் பணத்தில் முடிக்க முடியாத படத்துக்கு முதலாவதே நேர்மையானது. தளத்தின் கட்டணத்தையும் இலக்கில் சேர்த்துவிடுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் கைம்மாறின்றி மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், அது வரிக்குரிய வருமானமாகக் கருதப்படும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தரும் பணத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அதில் அடங்காது. ஆகவே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளின் மொய் விருந்துகளில் வந்த தொகையெல்லாம் பெயரோடு நோட்டில் ஏறும். அந்த நோட்டின் மேலுள்ள நம்பிக்கையில்தான் பெரிய தொகைகள்கூடக் கை மாறுகின்றன. உங்களுக்குத் தருபவர் பணத்தைத் திரும்ப எதிர்பார்க்கவில்லை, கணக்கை எதிர்பார்க்கிறார். தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சாப்பாட்டுச் செலவு வரை எழுதி, மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புங்கள். யாராவது மறுத்தால் வருந்தாதீர்கள். ‘இரக்க இரத்தக்கார்க் காணின் கரப்பின் அவர்பழி தம்பழி அன்று’ என்கிறது குறள். கேட்கத் தக்கவரிடம் கேளுங்கள், அவர் இல்லையென்று ஒளித்தால் பழி அவருடையது, கேட்டவருடையது அல்ல என்று பொருள். உங்கள் அண்ணனுக்கும் படித்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றிய வரி இது. எல்லாப் பழியும் தம்பழி அல்ல.

கடை உரிமையாளர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ‘மின்சாரத்தில் கவனம் தேவை’ என்று படம் முடிந்தால், ‘நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்பதே அந்த மகனுக்குக் கடைசியாகக் கிடைக்கும் செய்தியாகிவிடும். மின்பாதுகாப்பைப் பற்றித் தனியாக ஒரு நிமிடப் படம் எடுத்துத் தருகிறோம், அதை உங்கள் கடையிலேயே ஓடவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

கொடுத்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியலில் இடமும் ஒரு தனித் திரையிடலும் உறுதியளிக்கலாம். உடனே யூடியூபில் ஏற்றுவதாக மட்டும் சொல்லாதீர்கள், முன்பே பொதுவில் வெளிவந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. அந்தத் திரையிடலுக்கும் முன்னால், படம் முடிந்த அன்றே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போங்கள். அவரும் அண்ணனும் மட்டும் பார்க்கட்டும். அவர்கள் ஒரு காட்சியை எடுத்துவிடச் சொன்னால், எடுத்துவிடுங்கள்.