சார்ட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது

வணக்கம் மேடம்,

பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, சமீபத்தில்தான் ஒரு மருத்துவ வார்டுக்கு இன்சார்ஜ் ஆகியிருக்கிறேன். 30 படுக்கைகள். பகலில் ஐந்து பேர், இரவில் இரண்டு பேர். போன மாதம், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைத்ததாக சார்ட்டில் ஒரு கட்டம்கூட விடாமல் டிக் இருக்கிறது. தரக்குழுக் கூட்டத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். இரவு டூட்டி பார்த்த இருவருக்கும் மெமோ கொடு, எல்லோருக்கும் மறுபடி ட்ரெயினிங் வை என்று உத்தரவு.

அந்த இரண்டு பெண்களும் சோம்பேறிகள் இல்லை, எனக்குத் தெரியும். அந்த டிக் பொய் என்பதும் தெரியும். மெமோ கொடுக்கலாமா? வார்டை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது? இன்னொன்று. இன்சார்ஜுக்கு இரவு டூட்டி கிடையாது. ஆனாலும் ஒரு இரவு போய்ப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. உளவு பார்க்க வந்ததாக நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வார்டு இன்சார்ஜ்

அன்புள்ள சிஸ்டர்,

மெமோவை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ட்ரெயினிங்கையும்தான். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போடவேண்டும் என்பது முதல் வருட மாணவிக்கே தெரியும். தெரிந்தும் நடக்காத ஒன்றுக்கு மறுபடி வகுப்பு எடுத்தால், வகுப்பு நடக்கும் நேரத்தில் வார்டில் இன்னும் ஓர் ஆள் குறையும், அவ்வளவுதான்.

முதலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் வார்டில் தானாகப் புரள முடியாதவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு பேர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒருவரைத் திருப்புவது என்றால் வெறுமனே புரட்டிவிடுவது இல்லையே. நனைந்த துணியை மாற்றி, முதுகையும் குதிகாலையும் வெளிச்சத்தில் பார்த்து, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மடங்காமல் சரிசெய்து, முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்து முடிக்க எட்டு நிமிடமாவது ஆகும். கனமான ஆளென்றால் இரண்டு பேர் வேண்டும். எல்லோருமே அப்படி என்று வைத்தால் ஏழு பேருக்கு 56 நிமிடம். அதாவது இரவில் இருக்கும் இரண்டு பேருமே ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை இதற்கே கொடுத்தாக வேண்டும். அந்த நேரமெல்லாம் மற்ற 23 பேரைப் பார்க்க ஆள் இல்லை. இதற்கு நடுவில்தான் மருந்து, டிரிப், காய்ச்சல் பார்ப்பது, நள்ளிரவில் வரும் புது அட்மிஷன், ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றுவது எல்லாம். இந்தக் கணக்கை உங்கள் வார்டின் உண்மையான எண்ணிக்கையோடு போட்டு, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, அப்படியானால் டிக் ஏன் வந்தது? முடியவில்லை என்று எழுதியிருக்கலாமே என்று கேட்பார்கள். எங்கே எழுதுவது? அந்த சார்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நேரம் ஒரு கட்டம், வலமா இடமா என்று ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம். திருப்பவில்லை, காரணம் இது என்று எழுத இடமே கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் காலையில் கேள்வி வரும். டிக் போட்டால் கேள்வி வராது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் மேலிருந்து கீழே வரிசையாக விழுந்த டிக்குகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதே கதை இன்னொரு இடத்திலும் நடக்கிறது. காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் எழுதும் நேற்றைய டிபிஆர் சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை வரிசையை மட்டும் பாருங்கள். வார்டு முழுக்க 18, 20, 18, 20 என்று ஓடும். முப்பது நோயாளிகள் இவ்வளவு ஒற்றுமையாக மூச்சுவிடுவதில்லை. காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. மூச்சை மட்டும் ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று எண்ணவேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம்தான் இல்லை. ஆனால் நோயாளி சரிகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் ஒன்று மூச்சு. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த, புள்ளி கூடக்கூட ஆபத்து அதிகம் என்று காட்டும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 புள்ளி. ஒரு தனி அளவுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சமே அதுதான். அதைத்தான் நாம் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எது விடுபடுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் என்ற நர்ஸிங் ஆய்வாளர், நர்ஸுகளைக் குழுக்களாக உட்காரவைத்து, எதையெல்லாம் செய்யாமல் விடுகிறீர்கள் என்று நேராகவே கேட்டு 2006-இல் எழுதினார். நடக்கவைப்பது, திருப்பிப் போடுவது, நேரத்துக்கு உணவு கொடுப்பது, நோயைப் பற்றி விளக்கிச் சொல்வது, வீட்டுக்கு அனுப்பத் தயார்செய்வது, நாலு வார்த்தை ஆறுதல் பேசுவது, உடல் சுத்தம், உள்ளே போனது வெளியே வந்தது கணக்கு, தொடர்ந்து கவனிப்பது என்று ஒன்பது வந்தன. ஊசி மருந்து இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊசி விடுபட்டால் அடுத்த ரவுண்டில் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். திருப்பாமல் விட்டது சில நாள் கழித்துத் தோல் சிவக்கும்போதுதான் தெரியும், அதற்குள் பல ஷிப்ட் மாறியிருக்கும். உடனே கேள்வி வராத வேலை முதலில் விடுபடுகிறது. உங்கள் இரண்டு பெண்களும் செய்தது இந்த வரிசைப்படுத்தலைத்தான். நேரம் போதாதபோது எதை விடுவது என்று நீங்களோ மேலே இருப்பவர்களோ சொல்லிவைக்கவில்லை. அவர்களே முடிவெடுத்தார்கள், முடிவை மறைத்தார்கள்.

மறைத்தது தவறுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஒருவர் வேண்டுமென்றே பொய் எழுதினால், அன்றைக்கு மெமோ கொடுங்கள், தயங்க வேண்டாம். இன்று கொடுத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் யோசியுங்கள். அடுத்த மாதம் டிக் எல்லாம் வெவ்வேறு பேனாவில் இருக்கும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. வந்த கணக்கோ தலைகீழ். நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்ததை வெளியே சொல்லப் பயப்படவில்லை என்பதே அவர் வந்துசேர்ந்த விளக்கம். ஆகவே ஒரு சார்ட் மாதம் முழுக்க 100 சதவீதம் நிறைந்திருந்தால் தரக்குழு சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். உங்கள் முதல் வேலை அந்த சார்ட்டில் "முடியவில்லை, காரணம்" என்று ஒரு கட்டம் சேர்ப்பது. அந்தக் கட்டத்தை நிரப்பியதற்காக யாரையும் கேள்வி கேட்கமாட்டேன் என்று, ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அப்புறம் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள், அதுதான் கஷ்டம். முதல் இரண்டு வாரத்தில் உங்கள் சதவீதம் விழும். தரக்குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி இன்னொரு கேள்வி. உங்கள் வார்டில் வேலையைப் பிரித்துக்கொடுக்கிறீர்களா, நோயாளிகளைப் பிரித்துக்கொடுக்கிறீர்களா? ஒருத்தி எல்லோருக்கும் மருந்து, ஒருத்தி எல்லோருக்கும் பிபி, இன்னொருத்தி டிரெஸ்ஸிங் என்று பிரித்தால் வேலை வேகமாக முடிவது போலத் தெரியும். ஆனால் அந்தப் பெரியவரின் முதுகு யாருடையது? ஐந்து பேர் அவரைத் தொட்டிருப்பார்கள், ஒருவர்கூட முழுதாகப் பார்த்திருக்கமாட்டார். லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் நர்ஸிங் பிரிவைப் பற்றி இசபெல் மென்சீஸ் 1960 வாக்கில் எழுதிய ஆய்வு இன்றைக்கும் சுடுகிறது. நோயாளியைப் பெயரால் சொல்லாமல் "பத்தாம் படுக்கை லிவர்" என்று சொல்வதையும், வேலையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொடுப்பதையும் அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். வலியையும் சாவையும் நெருங்கிப் பார்க்கும் பதற்றத்திலிருந்து நர்ஸுகளைக் காப்பாற்ற அந்த நிர்வாகம் தானாகக் கட்டிக்கொண்ட தடுப்பு அது என்றார். தடுப்பு வேலை செய்யவும் இல்லை. மாணவிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே போய்விட்டார்கள். இரவில் இரண்டே பேர் இருக்கும்போது முழுப் பிரிவினை நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். பகலிலாவது ஆளுக்கு ஆறு நோயாளி என்று பெயர் எழுதிப் பலகையில் மாட்டிப் பாருங்கள். ஹேண்டோவரையும் மேஜையைச் சுற்றி நின்று கொடுக்காமல் படுக்கைப் பக்கத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். போர்வையை விலக்கி இரண்டு பேரும் முதுகைப் பார்த்துவிட்டால், அந்தப் புண் எந்த ஷிப்டில் வந்தது என்ற சண்டைக்கே இடமில்லை.

சாமான் விஷயம் சின்னதாகத் தெரியும், அப்படி இல்லை. நோயாளியை இழுத்துத் திருப்ப இடுப்புக்குக் கீழே விரிக்கும் ட்ரா ஷீட் எங்கே இருக்கிறது? தலையணை எத்தனை? ஏர் பெட்டின் மோட்டார் ஓடுகிறதா, ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறதா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற மருத்துவரின் குழு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் குழாய்) தொற்றைக் குறைத்ததை 2006-இல் வெளியிட்டது. பதினெட்டு மாதத்தில் 66 சதவீதம் வரை குறைந்தது. கை கழுவுவது, தோலைக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் துடைப்பது, கவுன், கையுறை, நோயாளியை மூடும் துணி என்று முழுத் திரை, தொடை வழியாக லைன் போடுவதைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது என்று ஐந்தே ஐந்து விஷயம். எல்லோரும் செக்லிஸ்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு. தேவையான பொருள் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் சேர்த்துவைத்தார்கள். டாக்டர் ஒரு படியைத் தாண்டினால், அவசரநிலையாக இல்லாதபோது, நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். பொருளும் அதிகாரமும் இல்லாமல் செக்லிஸ்டை மட்டும் காப்பியடிக்கும் இடங்களில் கிடைப்பது இன்னொரு டிக் சார்ட்.

ஆள் பற்றாக்குறையைப் பேசாமல் இருக்க முடியாது. லிண்டா எய்க்கன் என்ற நர்ஸிங் ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளைப் பார்த்து 2002-இல் எழுதியதை உங்கள் கண்காணிப்பாளர் படித்திருக்கலாம். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். இது ஒப்பீட்டு ஆய்வு. ஆள் குறைந்ததாலேயே இறந்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்து 2014-இல் எழுதியபோதும் அதே 7 வந்தது. கலிஃபோர்னியா ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே போட்டு 2004 முதல் நடைமுறைப்படுத்தியது.

இதையெல்லாம் நிர்வாகத்திடம் பேசும்போது "ஸ்டாஃப் பத்தாது" என்று மட்டும் சொன்னால் காதில் விழாது, தினமும் கேட்டுப் பழகிய காது அது. முதலில் போடச்சொன்ன 56 நிமிடக் கணக்கையும், இரண்டு வாரம் நிரம்பிய "முடியவில்லை" கட்டங்களையும் மேஜைமேல் வையுங்கள். எந்த இரவு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எதனால் என்று இருக்கட்டும். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஓர் அட்டெண்டரை மட்டும் கேளுங்கள். மூன்று நர்ஸ் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

நைட்டிங்கேலை எல்லோரும் விளக்கோடு நினைவில் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கிரிமியப் போரின்போது, 1854 இறுதியில் 38 பெண்களோடு துருக்கியில் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய் இராப்பகலாக உழைத்தார். அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்து சாக்கடையைச் சுத்தம்செய்து, காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் சட்டென்று இறங்கியது. ஊர் திரும்பியபின் கணக்குகளைப் புரட்டி அதைப் புரிந்துகொண்டவர் 1858-இல் வட்டப் படமாக வரைந்து மேலிடத்தின் முன் வைத்தார். நர்ஸுகளின் அர்ப்பணிப்பைப் பற்றி உங்கள் நிர்வாகம் மேடையில் பேசும்போது, சாக்கடை எங்கே என்று கேட்கத் தோன்றவேண்டும்.

இரவு டூட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள். சொல்லாமல் போனால் உளவுதான், எனவே டூட்டி லிஸ்டில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டு பேரோடு மூன்றாவது ஆளாக வேண்டாம், ஒருவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அவர் இடத்தில் நில்லுங்கள். மூன்றாவது ஆளாக நின்றால் வார்டு நன்றாக ஓடும், ஒன்றும் தெரியவராது. திருப்பும் சார்ட்டை நீங்களே எழுதுங்கள். அதிகாலை மூன்று மணிக் கட்டத்துக்கு வரும்போது உங்களால் திருப்ப முடிந்ததா இல்லையா என்பதை அந்தப் புதுக் கட்டத்தில் உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, காலையில் மற்றவர்கள் பார்க்கும்படி வார்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.