"போட்டுக் கொடுத்தியா?" என்று கேட்டால்

டெல்லியில் வளர்ந்து இப்போது சென்னையில் வேலை பார்க்கும் நண்பருக்கு: "மேனேஜர்கிட்ட போட்டுக் கொடுத்தியா?" என்று சக ஊழியர் கேட்க, காபியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து "ஆமா, காலையிலேயே" என்றிருக்கிறீர்கள். அவர் கேட்டது, தன்னைப் பற்றிக் கோள் சொன்னீர்களா என்று. இன்றே போய் விளக்கிவிடுங்கள்.

'போடு'வைத் தனியாகப் பிடித்து அர்த்தம் தேடினால் சிக்காது. முன்னால் என்ன நிற்கிறது, பின்னால் என்ன ஒட்டுகிறது என்று பார்க்கணும். சீன் போடுவது பந்தா. கடலை போடுவது, பிடித்தவரிடம் மணிக்கணக்கில் வழிந்து பேசுவது. துண்டு போடுவது இடம் பிடிப்பது. பஸ் சீட்டில் தொடங்கி தேர்தல் கூட்டணி வரைக்கும் செல்லும். நாமம் போட்டால் காசு போச்சு. ஆட்டையைப் போட்டால் பொருளே போச்சு.

பின்னால் ஒட்டுவதில்தான் வில்லங்கம். போட்டுத் தள்ளுவது கொலை (சினிமா ரவுடி பேச்சு, ஆபீஸில் வேண்டாம்). போட்டு வாங்குவது, எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசி உங்கள் வாயாலேயே விஷயத்தைக் கறப்பது. உங்கள் சக ஊழியர் செய்ததும் அதுவாக இருக்கலாம்!

இனி 'போட்டுக் கொடு' என்று காதில் விழுந்தால் இப்படிப் பாருங்கள்: டீ, காபி, கையெழுத்து என்று ஏதாவது பொருள் முன்னால் வந்தால் நேர் அர்த்தம். "என்னை", "அவனை" என்று ஆள் வந்தாலோ, எதுவுமே வராவிட்டாலோ, பெரும்பாலும் கோள்தான்.