பதினோரு பங்கு, ஒரே சாவி: பூட்டிக் கெடக்குற வளவு வீட்ட என்ன செய்யலாம்?

கேள்வி: காரைக்குடி பக்கத்துல எங்க ஐயா கட்டுன வளவு வீடு, அதான் நடுவுல முத்தம் வச்ச செட்டிநாட்டு வீடு, 12 வருஷமா பூட்டிக் கெடக்கு. பங்காளிக 11 பேர், பாதிப் பேரு மலேசியாவுல. ஒருத்தர் ஹோட்டல் ஆக்கலாம்ங்கறார், இன்னொருத்தர் தேக்குத் தூணக் கழட்டி வித்துப் பிரிச்சுக்கலாம்ங்கறார். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: தூண்ல கை வைக்காதீங்க, அவ்ளோதான். அது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைக்குப் போயிடும், அது தாங்குன கூரை எங்க போகும்?

ஹோட்டலுக்கு வர்றேன். கொத்தமங்கலம் சாரதா விலாஸ், கானாடுகாத்தான் விசாலம் இதெல்லாம் நல்லா செஞ்சிருக்காங்க, ஆனா அங்க நடத்துறது ஒரே கை. உங்க வீட்ல 11 கை. அதுவும் போக ரூமுக்கு ஒரு பாத்ரூம் வேணும்னு சுண்ணாம்புச் செவுத்தக் கொடஞ்சு பைப் ஓட்டுனா அந்தச் செவுரு கெட்டுச்சு. ஊருக்கு நாலு ஹோட்டல் தாங்கும், நாப்பது தாங்காது.

எனக்குப் புடிச்ச வழி என்னன்னா, வீடே ஏற்கனவே பங்கு போட்டுத்தான் கட்டியிருக்கு, அதையே பிளானா வச்சுக்கறது. வளவச் சுத்தி இருக்குற ரெட்டை அறைக ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் தனி. முகப்பு, பட்டாலைங்கற கூடம், வளவு எல்லாருக்கும் பொது. அறைக அவங்கவங்க பூட்டுலயே இருக்கட்டும், பொது எடத்த மட்டும் மொதல்ல பொழக்கத்துக்குக் கொண்டு வாங்க: ஊர்ப் புள்ளைகளுக்கு டியூஷன், கொட்டான் (ஓலைக் கூடை) பின்ற பொம்பளைகளுக்கு எடம், சின்ன விசேஷம், ஷூட்டிங்குன்னு கேட்டா நாள் வாடகை. டாய்லெட்ட பின்கட்டுக்கு வெளியில தனியா கட்டிடுங்க. ஆளு நடமாட்டம் இருக்குற வீட்ல கறையான் புடிச்சா உடனே கண்ணுல படும், பூட்டுன வீட்ல உத்தரம் விழுந்தப்புறம்தான் தெரியும்.

இதப் பேச ஜூம் மீட்டிங் வேண்டாம், முன்னோருக்குக் கும்பிடுற படைப்புக்கு எல்லாரும் வருவாங்கல்ல, அன்னிக்கு வீட்டோட அளவுப் படத்த வளவுலயே விரிச்சு எந்த அறை யாருதுன்னு பேர் எழுதச் சொல்லுங்க, பாதிச் சண்ட அங்கயே முடிஞ்சிடும். யாரு சாவி வச்சுக்கறது, எவ்வளவு ரூபா வரைக்கும் அவரு கேக்காம செலவு பண்ணலாம், படைப்பு நாள்ல வாடகைக்கு விடக்கூடாது, இந்த மூணையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் அந்த 11ங்கறது ஆம்பளப் பங்கு மட்டுமான்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க, இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 2005 திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்கும் பையனுக்குச் சமமா பங்கு. கோர்ட்டுக்குப் போயிடாதீங்க, பிரிக்க முடியாத சொத்துன்னா, பாதியோ அதுக்கு மேலயோ பங்கு வச்சிருக்கறவங்க கேட்டா வித்துப் பிரிக்கச் சொல்ல 1893ஆம் வருஷப் பாகப்பிரிவினைச் சட்டத்துலயே எடம் இருக்கு.

காசு கம்மியா இருந்தா எல்லாத்தையும் கூரைல போடுங்க. ஓடு மாத்தி, ரெண்டு கூரை கூடுற எடத்துத் தகரத்த புதுசாக்கணும். ஒழுகுற கூரைக்குக் கீழ தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லுக்கு பாலிஷ் போட்டு என்ன புண்ணியம்? செவுத்துல சிமெண்ட் பூசவே பூசாதீங்க, சுண்ணாம்புச் செவுரு ஈரத்த உள்ள இழுத்து வெளிய விடும், மேல சிமெண்ட் போட்டா வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு காரையப் பொரிச்சுத் தள்ளும். நானே ஒரு வீட்ல ஓனர் புடிவாதத்துக்கு எமல்ஷன் பெயிண்ட் அடிக்க ஒத்துக்கிட்டேன், ரெண்டே மழை, பட்டை பட்டையா உரிஞ்சு வந்துச்சு. தப்பு என்மேலதான்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரே ஒரு வேல மட்டும் செய்யணும்னா, வளவு முத்தத்துத் தண்ணி வெளிய போற ஓட்டையப் பாருங்க. எல தழை அடைச்சிருந்தா முத்தம் தொட்டி மாதிரி ரொம்பி சுத்துச் செவுரு அடியிலேருந்து ஊறும். நீளமா ஒரு மூங்கக் கழி போதும் குத்தி விட. கைய விடாதீங்க, பாம்பு இருக்கும்.