பாலிமர் படிக்க விரும்பும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, "பிளாஸ்டிக்கில் பொடி கலக்கிற படிப்புக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். கிடைக்கும். ஆனால் அது தீயைத் தடுக்கும் பொடி; பிளாஸ்டிக்குக்குள் அது என்ன செய்கிறது என்பதை நீங்களும் ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள். மகளின் பிடிவாதம் அப்போதுதான் புரியும்.

பெரும்பாலான பிளாஸ்டிக் பெட்ரோலியத்தின் பிள்ளை. பற்றிக்கொண்டால் உருகிச் சொட்டும், சொட்டிய இடத்திலும் தீ வைக்கும். கேபிள் உறையில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்தால், சுமார் 200 டிகிரியில் அது சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுச் சூட்டைத் தணிக்கும். இதையே பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் போட்டால், அதை உருக்கித் தள்ளும் எந்திரமான எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே நீராவி கிளம்பி, பிளாஸ்டிக் நுரைத்துவிடும். அதற்கு 300 டிகிரி தாண்டியும் தாங்கும் மக்னீசியம் ஹைட்ராக்சைடுதான் சரி. இன்னொரு சிக்கல், இந்தப் பொடிகளை எடையில் பாதிக்கு மேல் சேர்க்க வேண்டிவரும். அவ்வளவு சேர்த்தால் பிளாஸ்டிக்கின் வளையும் தன்மை போய்விடும். தீயையும் தடுக்க வேண்டும், பொருளும் உடையக் கூடாது. இந்த இழுபறியைத் தீர்க்கத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

பாஸ்பரஸ் சேர்மங்களின் வழி வேறு. அவை மேற்பரப்பைக் கரி ஓடாக்கி, உள்ளே இருப்பதைக் காக்கும். புரோமின் சேர்மங்கள் சுடருக்குள் நடக்கும் வினையையே அறுத்துவிடும். ஆனால் அவற்றில் சில உடலில் தங்கிச் சேர்வதால், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலுக்குப் போய்விட்டன. ஹெச்பிசிடி என்ற புரோமின் சேர்மம் 2013இல் சேர்க்கப்பட்டது. ஆகவே மாற்றுப் பொருள் தேடும் ஆராய்ச்சியிலும், நச்சியல், சட்ட விதிமுறைப் பிரிவுகளிலும் இடம் இருக்கிறது. மின்வாகன பேட்டரிப் பெட்டி, ரயில் பெட்டியின் உட்புறம், தீச்சோதனைக் கூடம் எல்லாம் இவளுக்கான இடங்களே.

எதைச் சேர்த்தாலும் பிளாஸ்டிக் எரியாத பொருளாகிவிடாது. பற்றுவது தாமதமாகும், பரவுவது மெதுவாகும். உள்ளே இருப்பவர் வெளியே ஓடிவரச் சில நிமிடம் கிடைக்கும். அந்த நிமிடங்களுக்காக உழைப்பதை நான் பெரிய வேலையாகவே மதிக்கிறேன்.

வேதியியலில் அவள் தடுமாறினால் இப்போதே சரிசெய்யுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிளாஸ்டிக் எப்படி எரிகிறது என்று பார்க்கும் யுஎல் 94 சோதனையைக் காட்டச் சொல்லுங்கள். 125 மில்லிமீட்டர் நீளப் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் பஞ்சு வைத்து, 10 விநாடி சுடர் காட்டுவார்கள். சுடரை எடுத்ததும் அணைந்தால், மறுபடியும் 10 விநாடி. விழும் சொட்டில் பஞ்சு பற்றுகிறதா என்று மகள் குனிந்து பார்க்கிறாளா, கவனியுங்கள். ஆய்வகத்தைத் திறந்துகாட்டவே தயங்கும் கல்லூரி என்றால், வேறு கல்லூரி பாருங்கள்.